மாப்பிள்ளை கேட்ட டிரில்

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள் சார். இந்தத் தடத்தில் நான் பார்க்காத மரம் கிடையாது. பையை மேலே வைக்க வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும். உள்ளே வெண்கலப் பானை. தலைப்பொங்கல் சீர். பெண் திருச்சியில் இருக்கிறாள். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து எல்லாம் காலடியில் இருக்கிற பையில். கரும்பை மட்டும் அங்கே இறங்கி வாங்கிக்கொள்வேன். கரும்போடு பஸ் ஏறினால் கண்டக்டர் முகமே மாறிவிடுகிறது.

உங்கள் பையில் இருப்பது புடவைதானே. எட்டிப் பார்க்கவில்லை, வாய்ப்பக்கம் கொஞ்சம் தெரிகிறது. அரக்கு நிறம், ஒடுக்கமான கரை. வீட்டில் இருப்பவருக்கு இல்லை. அம்மாவுக்கு. மாமியாருக்கா? அதைத்தான் சொல்ல வந்தேன், வயதில் பெரியவர் என்று.

நான் கும்பகோணத்தில் பட்டுக்கடையில் தலை நரைக்கும் வரை புடவை விரித்தவன். கடைக்கு ஒரு குடும்பம் வந்தால் ஏழெட்டுப் பேராக வருவார்கள். பணம் கொடுப்பவர் ஒருவர், பேசுபவர் ஒருவர், குறை சொல்லவென்றே ஒருவர். புடவை யாருக்கு என்று மட்டும் சட்டென்று சொல்லமாட்டார்கள். சிலர் வேண்டுமென்றே மாற்றிச் சொல்வார்கள். நாத்தனாருக்கு என்று சொல்லித் தனக்கு எடுத்துக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். நான் கேட்கவே மாட்டேன். விரித்துக்கொண்டே போவேன். யார் என்ன பேசினாலும் காதில் வாங்காமல் விரல்களை மட்டும் பார்ப்பேன். யாருக்கு வேண்டுமோ அவர் விரல் தானாக வந்து கரையைத் தொடும், தொட்டு அங்கேயே நின்றுவிடும். அப்புறம் கண்ணாடி முன்னால் நிறுத்துவேன். கண்ணாடியில் யார் முகம் மலர்கிறதோ, புடவை அவருக்கு. "நடேசன் கண்ணை மட்டும் ஏமாத்த முடியாதுய்யா" என்று எங்கள் முதலாளியே சொல்லுவார்.

இந்தச் சின்னப் பொட்டலமா? இது மாப்பிள்ளைக்கு. கையுறை. பலகை எடுத்துப் புரட்டும்போது சிராய் ஏறாமல் மாட்டிக்கொள்வது. சிரிக்கிறீர்கள். பொங்கல் சீரில் கையுறை எங்கே வந்தது என்று எங்கள் அக்காவும்தான் கேட்டாள். அது தலைதீபாவளியில் ஆரம்பித்த கதை.

என் பெண் பெயர் மங்கையர்க்கரசி. மங்கை என்போம். ஒரே பெண். அவள் அம்மா, இவள் காலேஜ் படிக்கும்போதே போய்விட்டாள். அப்புறம் நான், என் பெண், இரண்டு தெரு தள்ளி என் அக்கா கமலவேணி, அவ்வளவுதான் எங்கள் கூட்டம். போன ஆனியில் கல்யாணம் முடித்தேன். மாப்பிள்ளை சத்தியசீலன். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. நல்ல உயரம், நல்ல நிறம், குரலை உயர்த்தத் தெரியாத பிள்ளை. ஒரே ஒரு குறை. கொடுத்தால் வாங்கமாட்டார். மோதிரம் போடுகிறேன் என்றால் வேண்டாம். கைக்கடிகாரம் என்றால் வேண்டாம். "எனக்கு எதுக்கு மாமா இதெல்லாம்" என்று சிரித்துக்கொண்டே தள்ளிவிடுவார். கல்யாணத்தில் நான் எடுத்த பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டதே மங்கை முறைத்துப் பார்த்ததால்தான்.

முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அக்காதான் கலக்கிவிட்டாள்.

"கேட்டு வாங்குற மாப்பிள்ளையக்கூட நம்பிடலாம் நடேசா. ஒண்ணுமே வேணாங்கிறவன் மனசுல என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்? நம்ம வீட்டுப் பொருளே அங்க நுழையக் கூடாதுன்னா நம்ம பொண்ணு மட்டும் எப்படி அங்க ஒட்டும்?"

இது நெஞ்சில் முள் மாதிரி நின்றுவிட்டது. பெண்ணிடம் போனில் கேட்டால் "நல்லாருக்கேன்ப்பா" என்கிறாள். எந்தப் பெண்தான் வேறு மாதிரி சொல்லியிருக்கிறது? கடையிலும் அப்படித்தான். "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று சொல்லிக்கொண்டே மடித்துத் தள்ளுகிற புடவையை யாரும் வாங்குவதில்லை. மாப்பிள்ளை என் கையால் மனசாரக் கேட்டு ஒரு பொருளை வாங்கிக்கொண்டால் போதும், என் பெண் அங்கே நன்றாக இருக்கிறாள் என்று நான் நிம்மதியாகத் தூங்குவேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான் சார்.

அதனால் விடவில்லை. ஆடியில் கேட்டேன், ஆவணியில் கேட்டேன். புரட்டாசியில் ஒருநாள் போனில் பிடித்துக்கொண்டேன். "தலைதீபாவளிக்கு வெறுங்கையோட உங்களை அனுப்பினா ஊர்ல நான் தலைநிமிர முடியாது மாப்பிள்ளை. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்றேன். அந்தப் பக்கம் யாரோ குசுகுசுவென்று பேசுகிற மாதிரி இருந்தது. அப்புறம் மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு கார்ட்லெஸ் டிரில் இருந்தா நல்லாருக்கும் மாமா."

"எது?"

"சுவர்ல துளை போடுறது. ஒயர் இல்லாம பேட்டரில ஓடும். சின்னதா, வீட்டு உபயோகத்துக்கு. விலை குறைஞ்சதே போதும்."

மோதிரம் கேட்டிருந்தால் பத்து நிமிஷ வேலை. நகைக்கடையில் உள்ளங்கைக்குள் அடங்குகிற பெட்டியில் போட்டுக் கொடுத்திருப்பான். டிரில்லுக்கு எங்கே போவேன்? எங்கள் வீட்டில் ஆயுதம் என்றால் ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு குறடு. அதுவும் பரணில் கிடக்கும். பரணில் ஏன் என்றால், இந்த மங்கை சின்ன வயதில் கையில் எது கிடைத்தாலும் கழற்றிவிடுவாள். ரேடியோவைக் கழற்றினாள். மிக்சியைக் கழற்றினாள். பெண்பிள்ளை கையில் கீறிக்கொண்டால் நாளைக்கு யார் பதில் சொல்வது? தகர டப்பாவோடு தூக்கிப் பரணில் வைத்தேன். ஸ்டூல் போட்டு ஏறினாள். ஸ்டூலை அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். பாட்டு கிளாஸில் சேர்த்துவிட்டேன். அங்கே சுருதிப்பெட்டியைக் கழற்றினாள். அதற்கப்புறம் பெட்டி நன்றாகப் பாடுகிறது என்று பாட்டு வாத்தியார் சொன்னார். இவள்தான் பாடவில்லை. ஏதோ, நான் கண்ணும் கருத்துமாக இருந்ததால் அந்தப் பழக்கமெல்லாம் விட்டுப்போனது.

எங்கே விட்டேன்? ஆமாம், கடை. பெரிய தெருப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடை இருக்கிறது. கடைக்காரர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே பேசுவார்.

"வீட்டுக்கா, தொழிலுக்கா?"

"மாப்பிள்ளைக்கு."

"மாப்பிள்ளை என்ன பண்றார்?"

"இன்சூரன்ஸ்."

"அப்ப வீட்டுக்குத்தான்" என்று மூன்றை எடுத்து வைத்தார். மூன்றே மூன்று. இன்னும் எடுங்கள் என்றேன். இன்னும் இரண்டு வைத்தார். நான் வாங்குபவனானாலும் கை சும்மா இருக்குமா? ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் நிறுத்துப் பார்த்தேன். பிடியைத் தடவிப் பார்த்தேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கறுப்பு இல்லாத நிறத்தில் காட்டச் சொன்னேன். நல்ல நாளில் கறுப்புப் பொருள் கொடுக்கக் கூடாது என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். சிவப்பில் கறுப்பு, பச்சையில் கறுப்பு, நீலத்தில் கறுப்பு. கறுப்பு இல்லாத டிரில் உலகத்திலேயே இல்லை போலிருக்கிறது.

"பெரியவரே, இது சேலைக்கடை இல்ல" என்றார் கடைக்காரர்.

அப்போதுதான் மேல் தட்டில் ஒரு சூட்கேஸைப் பார்த்தேன். திறந்தால் உள்ளே டிரில் ஒரு பக்கம், சுற்றிலும் ஊசி ஊசியாக, வளையம் வளையமாக, நூறு சாமான் என்று போட்டிருந்தது. அதன் மேல் நாற்பத்தெட்டு வோல்ட் என்று தங்க எழுத்து. விலையும் மற்றதைவிடக் குறைவு. தட்டில் வைத்தால் தெருவே எட்டிப் பார்க்கும். போட்டோ எடுத்து மங்கைக்கு அனுப்பினேன். உடனே போன் வந்துவிட்டது.

"அப்பா, அத வாங்கிடாதீங்க. நாப்பத்தெட்டுன்னு சும்மா ஒட்டியிருப்பான். உள்ள அவ்வளவு இருக்காது. நூறு சாமான்ல முக்கால்வாசி ஸ்க்ரூவும் பிளாஸ்டிக் பிளக்கும்தான். அது தனியா ஒரு பாக்கெட் வாங்கிக்கலாம்."

அது எனக்குப் புரிந்தது. எங்கள் தொழிலிலும் உண்டு. பெட்டியில் எழுதியிருக்கிற சரிகை வேறு, உள்ளே ஓடுகிற சரிகை வேறு.

"வேற எத வாங்கறது?"

"பன்னெண்டு வோல்ட் லேசா இருக்கும், ஆனா சுவர்ல திணறும். பதினெட்டுல சின்னதா இருக்கான்னு பாருங்க. சுத்திக்கிட்டே இடிக்கிற வசதி இருக்கணும். சுத்தியல் படம் போட்டிருப்பான். அது இல்லன்னா மரத்துல மட்டும்தான் இறங்கும், செங்கல்ல இறங்காது. பேட்டரி ரெண்டு குடுக்கிறானான்னு கேளுங்க. ஒண்ணு ஓடும்போது ஒண்ணு சார்ஜுல கிடக்கணும். சர்வீஸ் திருச்சியிலயே இருக்கணும்."

"இரு, இரு. மெல்லச் சொல்லு."

"முக்கியமா எடை. ஒண்ணரைக் கிலோவத் தாண்டக் கூடாதுப்பா. தலைக்கு மேல தூக்கிப் பிடிக்கணும்ல."

"மாப்பிள்ளைக்கு என்னம்மா, பீமன் மாதிரி கை. மூணு கிலோவ ஒத்த விரல்ல தூக்குவார்."

"அவருக்கும் கை வலிக்கும்லப்பா" என்றாள்.

பாருங்கள் சார், புருஷன் கை வலிக்குமே என்கிற கவலை. எனக்கு அங்கேயே பாதி மனசு நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல இவள் ஒப்பிக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? மாமனாரிடம் இது வேண்டும் அது வேண்டும் என்று நேரே கேட்கக் கூச்சம். பெண்டாட்டியை விட்டுக் கேட்கச் சொல்கிறார். மரியாதை தெரிந்த பிள்ளை. மறுநாள் ஒரு சந்தேகம் கேட்கக் கூப்பிட்டேன். மாப்பிள்ளை வேலையாகப் புதுக்கோட்டை போயிருந்தார். இவள் ஒருத்தியே, ஊசி மாட்டுகிற வாய்ப்பக்கத்தைச் சாவி இல்லாமல் கையாலேயே திருகி மூட வேண்டும், திருப்பியும் சுற்ற வேண்டும், அப்போதுதான் போட்ட ஸ்க்ரூவைக் கழற்றலாம் என்று மூச்சு விடாமல் சொன்னாள். அவர் சொன்னதை ஒன்று விடாமல் ஞாபகத்தில் வைத்திருக்கிறாள். படிப்பில்கூட இவளுக்கு இவ்வளவு ஞாபகம் இருந்ததில்லை.

அந்த மாதம் வீடியோவில் ஒருநாள் பேசினோம். மாப்பிள்ளை அடுக்களையில் ரசம் தாளித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து டொக் டொக் என்று சத்தம். "ஆசாரி வந்திருக்காரா?" என்றேன். "இல்லப்பா, பக்கத்து வீட்ல இரவல் வாங்கின சுத்தியல். இந்த ஷெல்ப் நிக்க மாட்டேங்குது" என்று மங்கை வந்து நின்றாள். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள். உள்ளங்கையில் ஒரு கொப்புளம். ஒரே நாளில் சமையல், தச்சு வேலை எல்லாவற்றையும் இந்தப் பிள்ளை தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்கிறது. கூடமாட எடுத்துக் கொடுத்ததற்கே என் பெண்ணுக்குக் கை கொப்பளித்துவிட்டது. அவரிடமே சொன்னேன், "நீங்க ரொம்ப சிரமப்படுறீங்க மாப்பிள்ளை" என்று. அவர் கரண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு சிரிப்பு சிரித்தார். அடக்கம்.

கடைசியில் ஒன்று அமைந்தது. மங்கை சொன்ன எல்லாம் இருந்தது. நீலநிறம், பிடியில் மட்டும் கறுப்பு. கையில் எடுத்தால் கைக்குழந்தை மாதிரி அடங்கி உட்கார்ந்தது, கனமும் இல்லை, காற்றாகவும் இல்லை. கடைக்காரர் சுவரோரமாக ஒரு செங்கலை வைத்து ஓட்டிக் காட்டினார். டிர்ர்ர் என்று அது இறங்கியபோது எனக்கே ஒரு ஆசை வந்தது. வாங்கிவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டு வந்தால் அக்கா வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"நடேசா, இது இரும்புடா."

"இரும்புதான். வெள்ளியிலயா டிரில் செய்வான்?"

"நல்ல நாளும் பெரிய நாளுமா இரும்பைத் தூக்கி மாப்பிள்ளை கையில குடுப்பாங்களா? கத்தியும் ஊசியும் குடுத்தா உறவு அறுந்து போகும்னு உனக்குத் தெரியாது?"

உறவு ஒட்ட வேண்டும் என்று நாயாய் அலைந்து வாங்கியது, அறுக்கிற பொருளாகவா போக வேண்டும்? அன்று சாப்பாடே இறங்கவில்லை. அக்காவே யோசித்து அக்காவே வழி சொன்னாள். "ஒரு ரூபா வாங்கிக்கிட்டுக் குடு. அப்ப அது குடுத்ததாகாது, வித்ததாகும். தோஷமில்ல. ஆனா வாங்கிக்கிறவங்க கையால அந்த ரூபா வரணும், அத மறந்துடாத." எனக்கென்ன, விற்கத் தெரியாதவனா நான்? மங்கைக்குப் போன் போட்டு, "மாப்பிள்ளைய ஒரு ரூபா காசு தயாரா வச்சுக்கச் சொல்லு" என்றேன்.

தீபாவளிக்கு முதல் நாள் இரண்டு பேரும் வந்தார்கள். விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுசு கட்டி, லேகியம் தின்று, எல்லாம் முறையாக நடந்தது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, நடுவில் டிரில். அக்கா அதன் மூக்கில் குங்குமம் வைத்து, பேட்டரிக்குச் சந்தனம் பூசியிருந்தாள். பூச்சரத்தை எங்கே சுற்றுவது என்று தெரியாமல் விசையில் சுற்றிவிட்டாள். தூக்கினதும் அது டிர்ர் என்று சுற்றி, மல்லிகைப்பூ கூடம் முழுக்கப் பறந்தது. அக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மங்கை பாய்ந்து பிடித்து எதையோ அமுக்கி நிறுத்தினாள்.

அப்புறம் மாப்பிள்ளை கிழக்கே பார்த்து நின்று, இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். தள்ளவில்லை, மறுக்கவில்லை. "ரொம்ப சந்தோஷம் மாமா" என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ரூபா, ரூபா" என்றாள் அக்கா.

மாப்பிள்ளை இடுப்பைத் தடவிப் பார்த்தார். புது வேட்டியில் பை ஏது? சட்டைப்பையிலும் இல்லை. மங்கைதான் மூடியிருந்த கையைத் திறந்தாள். காசு உள்ளங்கையில் வியர்த்துப் போயிருந்தது. எவ்வளவு நேரமாக இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாளோ. என் கையில் வைத்துவிட்டு, அப்படியே தாம்பாளத்தில் டிரில்லைத் தொட்டாள். கட்டைவிரல் அந்த வாய்ப்பக்கத்து வளையத்தில் போய் நின்றது. நின்றது என்றால் நின்றது, எடுக்கவில்லை. இவளுக்கு எதையும் தொட்டுப் பார்க்கிற புத்தி சின்ன வயதிலிருந்தே உண்டு.

மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? டிரில்லை எடுத்து அவளிடமே கொடுத்து, "நீயே வச்சுக்க" என்றார். பெண்டாட்டியிடம் பொறுப்பை ஒப்படைக்கிற பெருந்தன்மை. என் காலத்தில் எனக்கெல்லாம் தோன்றியதே இல்லை.

இதோ, அய்யம்பேட்டை தாண்டிவிட்டது. நீங்கள் தஞ்சாவூரில்தானே இறங்க வேண்டும்? இருக்கிறது, இருக்கிறது. முக்கியமானதைச் சொல்லவில்லையே.

நான் ஓய்வு பெற்றபோது முதலாளி கடையில் இருந்த ஆளுயரக் கண்ணாடியைக் கொடுத்தார். எத்தனை மணப்பெண் முகம் பார்த்த கண்ணாடி. ஆனால் என் வீடு பழைய சுண்ணாம்புச் சுவர். ஆணி அடித்தால் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து வரும். கொத்தனாரைக் கூப்பிட்டால் சுவரையே இடித்துக் கட்டச் சொன்னார். அதனால் கண்ணாடி கூடத்துச் சுவரோரமாகச் சாய்ந்தே கிடந்தது. வருகிறவர்கள் அதில் தங்கள் முகத்தோடு எங்கள் உத்தரத்தையும் பார்த்துவிட்டுப் போவார்கள்.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் டிர்ர்ர் என்று சத்தம் கேட்டது. ஐயோ சுவர் போயிற்றே என்று ஈரத்துண்டோடு ஓடி வந்தேன். கண்ணாடி எதிர்ச்சுவரில் சாய்ந்திருந்ததா, வாசற்படியில் நின்றால் எனக்கு முதலில் தெரிந்தது கண்ணாடிதான். அதற்குள்ளே இரண்டு பேரும். மங்கை ஸ்டூல் மேல். அதே ஸ்டூல், அக்கா வீட்டிலிருந்து வந்திருந்தது. இரண்டு கையாலும் டிரில்லைப் பிடித்துச் சுவரில் ஊன்றியிருக்கிறாள். கீழே மாப்பிள்ளை, பேப்பரைப் பொட்டலமாகச் சுருட்டி, விழுகிற தூளை ஏந்திக்கொண்டு நிற்கிறார். மூக்கை வேறு மூடிக்கொண்டிருக்கிறார்.

"இது பழைய சுவர். இடிக்கிற வசதிய அணைச்சுட்டுத்தான் போடணும். இல்லன்னா மொத்தமும் உதிர்ந்துடும். மெதுவா, செங்கல் தட்டுப்படுற வரைக்கும் போகணும். நீள பிளக் எடுங்க. அது இல்ல, சாம்பல் கலர்" என்கிறாள்.

"இதுவா?" என்கிறார் மாப்பிள்ளை.

"அது ஸ்க்ரூ."

எவ்வளவு பொறுமை பாருங்கள் சார். தெரியாதவர் மாதிரி நடித்து நடித்து அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். வாத்தியார்கூட இப்படிச் சொல்லிக்கொடுக்க மாட்டார். தான் செய்தால் நாலு நிமிஷத்தில் முடிகிற வேலையை, பெண்டாட்டி கற்றுக்கொள்ளட்டும் என்று கீழே நின்று தூள் ஏந்துகிறார்.

நான் சத்தம் போடாமல் படியிலேயே நின்றேன். துளை முடிந்து, டிரில்லை வெளியே இழுத்து, மங்கை அந்தத் துளையில் ஊதினாள். ஊதிவிட்டுத் திரும்பினாள். கண்ணாடியில் அவள் முகம். சார், அந்தக் கண்ணாடியில் நான் எத்தனையோ முகம் பார்த்திருக்கிறேன். கல்யாணப் புடவையை முதல்முதலாகத் தோளில் போட்டுப் பார்க்கிற பெண்களையெல்லாம் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு மலர்ச்சி நான் பார்த்ததில்லை. முகமெல்லாம் சுண்ணாம்பு, அதற்குள்ளே அவ்வளவு வெளிச்சம். அவள் அம்மா இருந்தால் திருஷ்டி கழித்திருப்பாள்.

கையில் டிரில், கீழே மாப்பிள்ளை. மாப்பிள்ளையைப் பார்த்துத்தான் மலர்ந்திருப்பாள், வேறென்ன. ஆனால் ஒன்று, என் பெண் நன்றாக இருக்கிறாள். அதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றிலிருந்து நான் நன்றாகத் தூங்குகிறேன்.

கண்ணாடி இப்போது நேராகத் தொங்குகிறது. அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. அக்கா தினமும் வந்து அதில் பொட்டைச் சரி செய்துகொண்டு, "மாப்பிள்ளை கைராசி" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். திருச்சியில் வாடகை வீட்டுக்காரர், ஆணி அடிக்கக் கூடாது என்று கறாராகச் சொன்ன மனுஷர், இப்போது மாப்பிள்ளையைக் கூப்பிட்டுத் தன் வீட்டுப் பால்கனியில் துணி காயப்போடுகிற கம்பியை மாட்டித் தரச் சொல்கிறாராம். மாப்பிள்ளை வேலை நாளில் ஆபீஸ் போய்விடுவார். எப்படித்தான் நேரம் கிடைக்கிறதோ, அவர் வருவதற்குள் கம்பி மாட்டியாகிவிடுகிறது.

பொங்கலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். மாப்பிள்ளை இந்தத் தடவை யோசிக்கவே இல்லை. "கையுறை ஒண்ணு வேணும் மாமா, கையெல்லாம் சிராய்" என்றார். அதே ஹார்டுவேர் கடைக்குப் போனேன். என்ன அளவு என்று கேட்டார் கடைக்காரர். மாப்பிள்ளை கை அளவு எனக்கு எப்படித் தெரியும்? மோதிரம் போட விட்டிருந்தால் அதாவது தெரிந்திருக்கும். வாய் தானாக "ரெண்டு நாலு" என்றது.

"அது வளையல் அளவு பெரியவரே" என்றார்.

ஆமாம், மங்கையின் வளையல் அளவு. இத்தனை வருஷம் பழகின வாய். ஏன் அது வந்தது என்று தெரியவில்லை. அவரும் சிரித்துக்கொண்டே இருப்பதிலேயே சின்னதாக ஒரு ஜோடியை எடுத்துப் போட்டார். நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே பாருங்கள், என் கைக்கே பாதிதான் நுழைகிறது. மாப்பிள்ளைக்குக் கட்டைவிரல்கூட நுழையாது.

மாற்றிக்கொண்டிருக்கலாம்தான். இன்று காலையில்கூடக் கடை வழியாகத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். கடை திறந்திருந்தது. வாசலில் நின்றேன். அப்புறம் ஏனோ வந்துவிட்டேன்.

நீங்கள் ஏதோ சொல்ல வருகிறீர்கள், வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறீர்கள். வேண்டாம், சொல்லாதீர்கள். நானும் கடையில் அப்படித்தான், யாருக்கு என்று கேட்கமாட்டேன். தாம்பாளத்தில் வைத்துவிட்டு விரல்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

தஞ்சாவூர் வந்துவிட்டது, இறங்குங்கள் சார். புடவைப் பை பத்திரம். இந்தக் கையுறை திருச்சி வீட்டில் ஒருவர் கைக்குச் சரியாக இருக்கும்.